கருவிதான் முதலில்

இரும்பு கண்ணில் பட்டால் அவர் சும்மா கடந்து போகமாட்டார். குனிந்து எடுப்பார், மண்ணைத் தட்டுவார், ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். தேய்ந்த லாடமோ, முனை உடைந்த ஏர்க்கொழுவோ, வண்டியிலிருந்து கழன்று விழுந்த கடையாணியோ, எதுவாக இருந்தாலும் அவரிடம் ஒரே கேள்விதான் இருந்தது.

“இதை மொத மொதல்ல எதுக்குச் செஞ்சிருப்பாங்க டீச்சர்?”

பெரம்பலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் நான் தையல் டீச்சர். அவர் சரித்திர டீச்சர். எழுபதுகளின் நடுவில் மாற்றலாகி வந்து, நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மறுபாதியில் குடியேறினார். நடுவில் ஒரு சுவர், பின்னால் பொதுவாக ஒரு கிணறு. வந்த அன்றே, குடிக்கத் தண்ணீர் கேட்டு எங்கள் பக்கம் வந்தவர், தையல் மிஷின் மேல் கிடந்த கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய்விட்டார். திறந்தார், மூடினார், வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தார்.

“இது நல்ல பொறப்பு,” என்றார். “துணி வெட்டத்தான் செஞ்சாங்க, துணிதான் வெட்டுது. இது மேல ஒரு பொல்லாப்பும் இல்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. தண்ணீரைக்கூடக் குடிக்க மறந்துவிட்டுப் போனார்.

உயரமான, ஒல்லியான பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கஞ்சி போட்ட நூல் புடவை, தோளில் ஒரு துணிப்பை. அந்தப் பைக்குள் சாக்பீஸ் டப்பாவோடு எப்போதும் துருப்பிடித்த துண்டு ஒன்று கிடக்கும். பிள்ளைகள் அவருக்கு ‘இரும்பு டீச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஏழாம் வகுப்புப் பாடத்தில் இரும்புக் காலம் பற்றி இரண்டு பக்கம் வரும். கல்லை விட்டு, செம்பை விட்டு, மனிதன் இரும்புக்கு வந்து சேர்ந்த கதை. அதில் ஒரு வரி இருந்தது: இரும்பைக் கண்டறிந்த மனிதன் அதைக்கொண்டு ஆயுதங்களும் கருவிகளும் செய்தான் என்று. அந்த ஒரு வரியை மட்டும் அவர் பிள்ளைகளைப் பென்சிலால் அடிக்கச் சொல்வார். மேலே மாற்றி எழுதச் சொல்வார்: கருவிகளும் ஆயுதங்களும்.

விஷயம் தலைமையாசிரியை வரைக்கும் போய், அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அந்த அறையில்தான் இருந்தேன். தையல் வகுப்புக்கு வந்த வெள்ளைத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா? எது முன்னாடி இருந்தா என்ன?” என்றார் தலைமையாசிரியை.

“ஒண்ணு இல்லீங்க மேடம். எதை முன்னாடி சொல்றோமோ அதுக்காகத்தான் இரும்பு வந்துச்சுன்னு ஆயிடும். இன்னொண்ணு அது கூட ஒட்டிக்கிட்டு வந்ததா ஆயிடும்.”

“கருவிதான் முதல்லன்னு உங்களுக்கு யாரு சொன்னா? நீங்க என்ன அங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?”

“மனுசனுக்குப் பசி முதல்லயாங்க மேடம், பகை முதல்லயா?”

தலைமையாசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். “புத்தகத்துல உள்ளதை நடத்துங்கம்மா, போதும்,” என்றார். இவரும் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தார். மறுநாள் அடுத்த பிரிவுப் பிள்ளைகளும் அந்த வரியைப் பென்சிலால் அடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கிடைத்த பஸ்ஸில் ஏறி எங்காவது போய்விடுவார். சுற்றுப்பக்கத்து மானாவாரிக் காடுகளில் உழவு ஓட்டினால் சில இடங்களில் கருகிய கல்போல ஒன்று மேலே வரும். கையில் எடுத்தால் கனக்கும். உடைத்தால் உள்ளே குமிழ் குமிழாக இருக்கும். பழங்காலத்தில் இரும்பு உருக்கியபோது கழிந்த கசடு அது. பை நிறையப் பொறுக்கிவந்து கிணற்றடியில் கழுவி வெயிலில் பரப்புவார். நான் பக்கத்தில் துணி துவைத்துக்கொண்டிருப்பேன். அந்தக் காலத்து ஆட்களைப் பற்றி அவர் பேசுவதைக் கேட்டால் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களைப் பற்றிப் பேசுவதுபோல இருக்கும்.

“நெனச்சுப் பாருங்க டீச்சர். செவப்புக் கல்லைத் தேடி எடுத்து இடிக்கணும். மரத்தை வெட்டிக் கரி சுடணும். மண்ணுல உலை கட்டி, தோல் துருத்தியை விடாம மிதிச்சுக்கிட்டே இருக்கணும். எல்லாம் முடிஞ்சு கடைசில வர்றது ஒரு சாணி உருண்டை அளவு. அதையும் காய்ச்சிக் காய்ச்சி அடிச்சாத்தான் அழுக்கு போகும். அவ்வளவு பாடுபட்டு எடுத்த மொத இரும்பை எவனாச்சும் ஆளை வெட்டறதுக்குச் செலவழிப்பானா? வூட்டுல புள்ளைங்க பசியோட கெடக்கும்ல?”

“மிருகத்தை அடிக்கறதுக்குச் செஞ்சிருக்கலாமே?” என்று ஒருமுறை கேட்டேன்.

“அதுவும் பசிதானே?” என்றார் உடனே.

அப்போதுதான் எனக்கு லேசாக உறுத்தியது. அந்தக் கேள்வியை யாராவது கேட்பார்கள் என்று வெகுநாளாகக் காத்திருந்தவர்போல இருந்தது அவர் பதில் சொன்ன வேகம். பாடம் நடத்துகிறவரின் பேச்சாக அது இல்லை. எதிரே யாரோ நின்று மறுக்கிறார்கள், இவர் விடாமல் வாதாடுகிறார். பேச்சு முடிந்து உள்ளே போகும்போதும் அவர் உதடு அசைந்துகொண்டே இருக்கும்.

மாதத்தில் ஒரு நாள் திருச்சிக்குப் போவார். முந்தின நாள் முறுக்கு சுடுகிற வாசனை சுவர் தாண்டி வரும். எங்கே என்று கேட்டால் “சொந்தக்காரங்க வூட்டுக்கு” என்பார். திரும்பி வந்ததும் முகம் கழுவிவிட்டு, விளக்குகூட ஏற்றாமல் படுத்துவிடுவார்.

விஷயத்தை அவராகத்தான் சொன்னார். ஒரு நாள் காலையில் இருவரும் பள்ளிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தோம். எதிரே ஒருவர் தோளில் அரிவாளை மாட்டிக்கொண்டு வந்தார். கிராமத்திலிருந்து கூலிக்கு வருகிறவர், அரைக்கால் சட்டை, தலையில் துண்டு. நான் ஒதுங்கி வழிவிட்டேன். இவர் நடுவழியில் நின்றுவிட்டார்.

“எங்க போறீங்க?”

“வேலிக்கு முள்ளு வெட்டப் போறேங்க.”

“முள்ளு வெட்டத்தானே?”

“ஆமாங்க. வேற எதுக்குங்க?” அந்த ஆள் சிரித்தார். இவர் வழியை விடவில்லை. அவர் சிரிப்பை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனார்.

இவர் நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. புளியமரத்தடியில் நிற்க வைத்தேன். தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்தபடி, “என் தம்பி ஜெயில்ல இருக்கான் டீச்சர்,” என்றார்.

அவர்களுக்கு ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். அப்பா சீக்கிரமே போய்விட்டார். தம்பி இவருக்குப் பத்து வயது இளையவன். இடுப்பில் தூக்கி வைத்து வளர்த்தது இவர்தான். இவர் படித்து வேலைக்கு வந்த பிறகு தம்பி அம்மாவோடு இருந்து வயலைப் பார்த்துக்கொண்டான். பக்கத்து வயல் பெரியப்பா மகனுடையது. இரண்டுக்கும் ஒரே வாய்க்கால். ஒரு நாள் யார் முறைத் தண்ணீர் என்பதில் பேச்சு முற்றி, தம்பி வெட்டிவிட்டான். ஒரே வெட்டுத்தான். பெரியப்பா மகன் வரப்பிலேயே செத்துப்போனான். சின்ன வயதில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த இருவர்.

“மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கிட்டு இருந்தான் டீச்சர். அப்பத்தான் அவன் வந்து வாயைக் குடுத்திருக்கான். இவன் கையில அது இருந்தது தற்செயல். வெறுங்கையா இருந்திருந்தா கன்னத்துல ஒரு அறை வுட்டுட்டு வந்திருப்பான்.” மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தார். “கோர்ட்டுல சர்க்கார் வக்கீல் அருவாளைத் தூக்கித் தூக்கிக் காமிச்சு ‘இந்த ஆயுதம், இந்த ஆயுதம்’னே பேசினார். எங்க வக்கீல் எந்திரிச்சு, ‘ஐயா அது ஆயுதமில்லீங்க, புல்லறுக்கிற கருவி’ன்னார். எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாங்க. கடைசில வூட்டுலேருந்து ஆயுதத்தை எடுத்துக்கிட்டுப் போனான்னு தீர்ப்பு எழுதிட்டாங்க. ஆயுள் தண்டனை.”

பள்ளியில் மணி அடித்தது. புடவையைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தார்.

அன்று பிற்பகல் அவருடைய வகுப்பைத் தாண்டிப் போனேன். வகுப்பே ஒரே குரலில் “கருவிகளும் ஆயுதங்களும்” என்று சொல்லிக்கொண்டிருந்தது. அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வருஷமும் ஒரு வகுப்பு முழுவதையும் அவர் தம்பிக்காகச் சாட்சி சொல்ல வைத்துக்கொண்டிருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு சில வருஷம் கழித்து வேறொரு கிணறு விஷயம் வந்தது. செட்டிகுளம் பக்கத்திலிருந்து படிக்க வந்த ஒரு பெண், தங்கள் காட்டில் கிணறு வெட்டும்போது பெரிய பெரிய தாழியாக வருகிறது, உள்ளே எலும்பும் இரும்பும் கிடக்கிறது என்று வகுப்பில் சொல்லிவிட்டாள். அன்று சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. மதியச் சாப்பாடுகூட இல்லாமல் என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

வெங்காயக் காட்டுக்கு நடுவில் குழி. மேட்டில் குவிந்த மண்ணோடு தாழி ஓடுகள், உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சின்னக் கிண்ணங்கள். அந்தப் பெண்ணின் அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

“பாண்டவக்குழிங்க டீச்சர், அந்தக் காலத்துல ஆளைப் பொதைச்ச எடம். கெளறக்கூடாதும்பாங்க. தண்ணிக்கு என்னங்க பண்றது?”

வெளியே எடுத்த இரும்பை ஒரு சாக்கில் பரப்பி வைத்திருந்தார். அதில் ஒன்று கை நீளம் இருந்தது. துரு ஊதி, பட்டை பட்டையாக உரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் வாள் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது. பக்கத்தில் இன்னொரு வாள், இரண்டாக உடைந்தது. அப்புறம் ஈட்டி முனைகள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் சாக்கைப் பார்த்தார். அதைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

“வேற ஒண்ணும் வரலீங்களா?”

“சில்லறையா கொஞ்சம் வந்துச்சுங்க. புள்ளைங்க பேரீச்சம்பழக்காரன்கிட்டக் கொண்டுபோயி நீட்டிச்சுங்க. அவன் ‘இது இரும்பு இல்ல, மண்ணு’ன்னு தூக்கி எறிஞ்சுட்டுப் போயிட்டான்.”

“எங்க எறிஞ்சான்?”

வேலியோரப் புழுதியில் முட்டி போட்டு உட்கார்ந்து கையால் துழாவ ஆரம்பித்தார். வெயில் இன்னும் இறங்கவில்லை. நானும் குனிந்து தேடினேன். கடைசியில் உள்ளங்கை அளவில் ஒரு துண்டு அவர் கைக்கு வந்தது. ஒரு பக்கம் தட்டையாக அகன்றிருந்தது. மறுபக்கம் காம்பு சொருகுவதற்காகச் சுருட்டி மடக்கியிருந்தது. அதை இரண்டு கையிலும் ஏந்தியபடி அவர் எழுந்திருக்கவே இல்லை.

பக்கத்தில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி தன் கையிலிருந்த களைக்கொத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

“நம்ம களைக்கொத்து மாதிரியேல்ல இருக்கு!”

“இது எங்க இருந்துச்சு? வாளோடயா?” என்று அவசரமாகக் கேட்டார் இவர்.

“இல்லீங்க,” என்றார் அந்தப் பெண்ணின் அப்பா. “வாளெல்லாம் மேல இருந்த தாழியிலங்க. இது அடியில ஒரு சின்னத் தாழி, அதுல.”

“அடியில!” என்று இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நகம் பதிந்து வலித்தது. “அடியில இருக்கறதுதான் டீச்சர் மொதல்ல பொதைச்சது. மேல இருக்கறதெல்லாம் பின்னால வந்தது. களைக்கொத்து மொதல்ல. வாளு பின்னால. கேட்டீங்கள்ல? நீங்க கேட்டீங்கள்ல?”

எனக்கு மண்ணுக்கடியில் இருப்பதைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு தாழிக்கும் இன்னொரு தாழிக்கும் நடுவில் ஒரு காலமே கடந்திருக்கலாம், ஒரு மழைக்காலம் மட்டும்தான் கடந்திருக்கலாம். ஒரே வீட்டுக்காரன் காலையில் களைக்கொத்தும் மாலையில் வாளும் வைத்திருந்திருக்கலாம். எதையும் நான் கேட்கவில்லை. அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதுவரை பார்த்ததில்லை. பார்த்துவிட்டு உரிய இடத்தில் ஒப்படைத்துவிடுவதாகச் சொல்லி, அதைக் கைக்குட்டையில் சுற்றி வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் குழந்தையை வைத்திருப்பதுபோல மடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த முறை திருச்சிக்குப் போகும்போது என்னையும் கூப்பிட்டார்.

“நான் சொன்னா அக்கா பாசத்துல சொல்றேம்பான். நீங்க கண்ணால பாத்தவங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க.”

ஜெயில் வாசலில் மனு போட்டுவிட்டுக் காத்திருந்தோம். காவலர் பையைத் துழாவிக் கைக்குட்டையைப் பிரித்தார்.

“என்னம்மா இது?”

“ரொம்பப் பழங்காலத்து இரும்புங்க. அமுக்கினா பொடியாயிடும். தம்பிகிட்டக் காமிச்சுட்டுக் கொண்டாந்துடறேன்.”

“எந்தக் காலத்து இரும்பா இருந்தாலும் உள்ள போகக்கூடாதும்மா.” அதை வாங்கித் தன் மேஜையில், தடியின் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

உள்ளே ஒரு நீளக்கூடம். நடுவில் இரண்டு வரிசையாகக் கம்பிவலை. இரண்டுக்கும் இடையே ஆள் நடக்கிற இடைவெளி. இந்தப் பக்கம் பார்க்க வந்தவர்கள், அந்தப் பக்கம் கைதிகள். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு அக்காவின் அதே நீள முகம். ஒட்ட வெட்டிய தலை. என்னைப் பார்த்து “வாங்கக்கா” என்று வாயசைத்தான்.

இவர் வலையைப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார். கிணறு, தாழி, பேரீச்சம்பழக்காரன், அடியில் இருந்த களைக்கொத்து. கத்திக் கத்தித் தொண்டை கட்டியது. “வாளெல்லாம் மேலதான்டா இருந்துச்சு! கேக்குதா? மொதல்ல மனுசன் களை வெட்டத்தான் இரும்பைத் தொட்டிருக்கான்! டீச்சர், சொல்லுங்க நீங்க!”

நான் தலையாட்டினேன். தம்பி என்னைப் பார்க்கவில்லை.

“அக்கா.”

“இரு, முடிச்சிடறேன்…”

“அக்கா, போதும்க்கா.” நெற்றியை வலையில் சாய்த்துக்கொண்டான். “அன்னைக்கு நான் புல்லு அறுக்கலக்கா.”

இவருக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் நின்றாரோ தெரியாது. “என்னடா?” என்றார். அவன் அதை மறுபடியும், இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பக்கத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“புல்லு அறுக்கலக்கா! அவன்கூடச் சண்டை போட்டுட்டு வூட்டுக்கு வந்தேன். தண்ணி குடிச்சேன். கூரை எரவாணத்துல சொருகியிருந்த அருவாளை எடுத்துக்கிட்டுத் திரும்பப் போனேன். வெட்டணும்னுதான் எடுத்தேன். அம்மா பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. புல்லுன்னு சொல்லச் சொன்னதே அம்மாதான்.” மூச்சு விட்டான். “நீ மாசாமாசம் வந்து இதையே சொல்றே. என்னால கேக்க முடியலக்கா. நீ போனப்பறமும் காதுல அதான் ஓடுது.”

அவர் விரல்கள் வலையில் மாட்டியிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக விடுவித்துக்கொண்டார். பிறகு, “இளைச்சுப் போயிட்டே,” என்றார். “முறுக்குக் குடுத்திருக்கேன் வாசல்ல. வாங்கிக்க.”

பஸ் நிலையத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

“டீச்சர், அந்தக் களைக்கொத்து மேஜைமேலேயே இருக்கு. நில்லுங்க, நான் ஓடிப்போயி வாங்கியாந்துடறேன்.”

“இருக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அதற்குப் பிறகு அவர் குனிந்து எதையும் எடுத்து நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே இருந்தார். கிணற்றடியில் குவிந்திருந்த கசடுக் கற்களை வீட்டுக்காரர் மழைக்காலத்தில் தெருப் பள்ளத்தில் கொட்டி மூடினார். இவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார், தடுக்கவில்லை. ஏழாம் வகுப்பில் அந்தப் பாடம் மறுபடி வந்தபோது, பரீட்சையில் தவறி அதே வகுப்பில் இருந்த பெண் ஒருத்தி எழுந்து கேட்டிருக்கிறாள், “போன வருசம் இதை மாத்தி எழுதச் சொன்னீங்களே டீச்சர்?” என்று. “புத்தகத்துல என்ன இருக்கோ அதை எழுது,” என்றாராம். அந்தப் பெண் தையல் வகுப்பில் வந்து என்னிடம் சொன்னாள். டீச்சருக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டாள்.

தம்பி அவரைப் பார்க்க மறுத்துவிட்டான். ஆனாலும் மாதம் தவறாமல் போனார். வாசலில் காத்திருந்துவிட்டு முறுக்குப் பொட்டலத்தோடு திரும்பி வருவார். “அவனுக்கு வயித்து வலியாம்,” என்று சொல்லி அதை என் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். பிள்ளைகள் நொறுக்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

எண்பதுகளின் நடுவில் நன்னடத்தைக்காக அவனை விட்டுவிட்டார்கள். ஊருக்குப் போக முடியாது. அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு சின்னப் பையோடு அக்கா வீட்டுக்கு வந்தான். நரைத்த, கூச்சப்படுகிற மனிதன். கதவு திறந்துதான் கிடக்கும், ஆனாலும் யாராவது சொன்னால்தான் வெளியே வருவான். கிணற்றடிக்குப் போகக்கூட என்னைப் பார்த்து “போகலாமுங்களாக்கா?” என்று கேட்பான். என் பிள்ளைகளோடு மட்டும் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவான். ஒரு நாள் அவர்களுக்குக் காகிதத்தில் ஏதோ செய்து கொடுக்க எங்கள் பக்கம் வந்தவன், வாசற்படியிலேயே நின்றுவிட்டான். மிஷின் மேல் கத்தரிக்கோல் கிடந்தது.

“அதை எடுத்து உள்ள வச்சிடுங்கக்கா,” என்றான். வைத்த பிறகுதான் உள்ளே வந்தான்.

சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய சமையலே மாறிப்போயிருந்தது. அரிவாள்மனை எங்கே போனதென்று தெரியவில்லை. கீரையைக் கையால் கிள்ளினார், வெண்டைக்காயை ஒடித்துப் போட்டார், வெங்காயத்தை அம்மியில் நசுக்கினார். பரங்கிக்காயைத் தரையில் போட்டு உடைத்ததை ஒரு நாள் பார்த்தேன். சிதறிய துண்டுகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஊரிலிருந்து ஒரு சொந்தக்காரர் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போனார். என்ன என்று கேட்டேன். சாயங்காலம் கிணற்றடியில் வந்து நின்றுதான் சொன்னார்.

“செத்தவன் மகனுக்கு மீசை முளைச்சிடுச்சாம் டீச்சர். பெரம்பலூர்ல எந்தத் தெருன்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கானாம். அருவாளைச் சாணை புடிச்சு வச்சிருக்கானாம்.” வாளியில் இருந்த தண்ணீரையே பார்த்தார். “அவங்கப்பனைத் தூக்கிட்டு வந்த அன்னைக்கு அவன் தொட்டில்ல கெடந்தான். நான் ஊருக்குப் போயிச் சேர்ந்தப்ப ஊரே அழுவுது, அவனை ஆட்டறதுக்கு ஆளில்ல. நான்தான் ஆட்டினேன்.”

போலீசில் சொல்லலாமே என்றேன். என்னவென்று சொல்வது என்று கேட்டார்.

தூரத்துக்கு மாற்றல் கேட்டு அலைந்தார். தை மாதத்தில் கிடைத்தது. வழியனுப்ப அரியலூர் ரயில் நிலையம்வரை நானும் போனேன். தம்பி டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து, தலைநிமிராமல் வருகிறவர்களின் கால்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் என்னைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

“தூத்துக்குடிப் பக்கம் போட்டிருக்காங்க டீச்சர். சுத்தி உப்பளம்தானாம். வயலே கெடையாதாம், வாய்க்காலும் கெடையாதாம். அங்க இரும்பு நிக்காதாம். கதவுத் தாழ்ப்பாள்கூட ரெண்டு மூணு வருசத்துல உதுந்துபோயிடுமாம். உப்புக் காத்து தின்னுடுமாம்.”

நல்ல செய்தியைச் சொல்வதுபோலத்தான் சொன்னார். முகத்தில் ஒன்றும் இல்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “எழுதுங்க டீச்சர்,” என்றேன். “ம்” என்றார்.

திருச்சி பாசஞ்சர் வந்தது. லால்குடிப் பக்கம் அறுப்புக்குப் போகிற பெண்கள் கூட்டம் கூட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, மூட்டைக்குள் சொருகிய கதிர் அரிவாள். எல்லோரும் ஒரே பெட்டியில் முட்டிமோதி ஏறினார்கள். அவர்கள் நடுவே தம்பி முதலில் ஏறிப் பெட்டியை வைத்துவிட்டு, ஜன்னலோரம் அக்காவுக்கு இடம் பிடித்தான். எதிர்ப் பலகையில் உட்கார்ந்தான். அவர் உட்கார்ந்ததும் நான் ஜன்னலருகில் போய் நின்றேன்.

அப்போது அவர் பக்கத்தில் வந்து நின்ற ஒரு பெண், மூட்டை சரிந்துவிடாமல் அரிவாளை உருவி அவரிடம் நீட்டினாள்.

“செத்த இதைப் புடிங்கம்மா, புள்ளைய எறக்கிக்கறேன்.”

அவர் யோசிக்காமல் வாங்கிவிட்டார். வாங்கிய பிறகுதான் கையில் என்ன இருக்கிறதென்று பார்த்தார். எதிரே தம்பியும் பார்த்தான். எழுந்திருக்கப் பார்த்தான், நெருக்கத்தில் எழ இடமில்லை. முகத்தை மரச்சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். அந்தப் பெண் குழந்தையை இறக்கி, மூட்டையை மேலே தள்ளி, இன்னொருத்தியோடு எதற்கோ சத்தம்போட்டுக்கொண்டிருந்தாள். கூட்டம் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போயிற்று, அரிவாளைத் திரும்ப வாங்க வேண்டும் என்ற நினைவே அவளுக்கு இல்லை.

வண்டி நகர்ந்தது. நானும் கொஞ்ச தூரம் கூடவே நடந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அரிவாள் உடம்பில் படாதபடி கையைத் தூர நீட்டிப் பிடித்துக்கொண்டு, அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் பெட்டிக்குள் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.